ஆளுநரான அரசியல் பேராசிரியர்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாக மலையேறும் சாலை, போடிமெட்டில் தமிழ்நாட்டை விட்டுக் கேரளத்துக்குள் நுழைகிறது. விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் காய் எடுக்கச் செல்லும் தொழிலாளர்கள், பொழுது சாய்ந்ததும் அதே எல்லையைக் கடந்து வீடு திரும்புகிறார்கள். தோட்டம் ஒரு மாநிலத்தில், தோட்டக்காரரின் வீடு இன்னொரு மாநிலத்தில். விளைந்த ஏலக்காய் ஒருமுறை புற்றடியில் ஏலத்துக்கு வருகிறது. மறுமுறை போடியில் வருகிறது. இவர்களின் அன்றாடத்தை இரண்டாகப் பகுத்திருக்கும் இந்த எல்லை, மொழிவழி மாநிலங்களின் எல்லையாகச் சட்டத்தில் நிலைபெற்ற நாள் 1956 நவம்பர் 1.

அதே நாளில், அதே மாநில மறுசீரமைப்பின் பயனாக, நாட்டின் மறுகோடியில் உள்ள ஜெய்ப்பூரில் ஒரு முன்னாள் கல்லூரிப் பேராசிரியர் ராஜஸ்தானின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்றார். அவர் பெயர் குர்முக் நிகால் சிங். தமிழ் வாசகர்களிடையே அதிகம் பேசப்படாத பெயர். ஆனால், ஆளுநர் என்ற பதவியைப் பற்றி நாம் இன்று நடத்தும் வாதங்களுக்கு அவருடைய வாழ்க்கை தரும் வெளிச்சம் சிறிதன்று. நன்கு கற்ற, கட்சிப் பூசல்களுக்கு அப்பாற்பட்ட ஒருவரை ராஜ்பவனில் அமர்த்திவிட்டால் சிக்கல்கள் தீர்ந்துவிடும் என்று நம்புவோர் நம்மிடையே பலர். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அளந்து பார்க்க இவரைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1895-ஆம் ஆண்டு பிறந்த குர்முக் நிகால் சிங், மதன் மோகன் மாளவியா நிறுவிய காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பொருளியலும் அரசியல் அறிவியலும் கற்பித்தவர். இந்தியப் பல்கலைக்கழகங்களில் அரசியல் அறிவியல் ஒரு தனித்துறையாக முளைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆங்கில நாட்டு அரசியலமைப்பையும் கிரேக்கச் சிந்தனையையும் படித்துத் தேர்வெழுதிய மாணவர்களுக்கு, தங்கள் நாடு எவ்வாறு ஆளப்படுகிறது என்பதைச் சொல்லும் நல்ல நூல்கள் குறைவு. அந்தக் குறையைப் போக்க அவர் எழுதியதுதான் 1933-இல் வெளிவந்த, இந்திய அரசியலமைப்பு வளர்ச்சியும் தேசிய வளர்ச்சியும் பற்றிய நூல். கிழக்கிந்தியக் கம்பெனி பட்டயம் பெற்ற 1600-இல் தொடங்கி, மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தம் வந்த 1919 வரையிலான வரலாற்றை அது சொன்னது. சட்டங்களின் கதையையும் விடுதலை இயக்கத்தின் கதையையும் ஒருசேரச் சொன்னதே அதன் சிறப்பு. ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படித்த பல தலைமுறையினர் அதைப் புரட்டியிருக்கிறார்கள்.

அந்த நூல் விவரிக்கும் காலம் முழுவதும் ஆளுநர் என்பவர் உண்மையாகவே ஆண்டவர். சென்னை, பம்பாய், வங்கம் ஆகிய மூன்று மாகாணங்களின் ஆளுநர்களுக்கு இருந்த அதிகாரமும், 1773-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் முதற்கொண்டு அது மாறிவந்த விதமும் அரசியல் அறிவியல் மாணவர்களின் அடிப்படைப் பாடம். 1919-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த இரட்டையாட்சியில் கல்வி, சுகாதாரம் போன்றவை அமைச்சர்களிடம் விடப்பட்டன. நிதியும் காவலும் ஆளுநரின் பிடியில் இருந்தன. சென்னையில் நீதிக்கட்சி அமைச்சரவை அமைந்தபோது ஆளுநராக இருந்த வெலிங்டன் பிரபு, அமைச்சர்களின் ஆலோசனையை மீறவும் சட்டமன்றம் மறுத்ததைத் தம் சான்றிதழால் நிறைவேற்றவும் சட்டப்படி உரிமை பெற்றிருந்தார்.

1935-ஆம் ஆண்டின் சட்டமும் ஆளுநருக்குத் தனிப்பொறுப்புகளை ஒதுக்கிவைத்தது. 1937 தேர்தலில் வென்ற காங்கிரஸ், அந்தத் தனி அதிகாரங்களை அன்றாட ஆட்சியில் பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதிமொழி கேட்டுப் பல மாதங்கள் பதவியேற்காமல் இருந்தது. ராஜாஜி அந்த ஆண்டு ஜூலையில்தான் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சரானார். நியமிக்கப்பட்ட ஒருவருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவருக்கும் இடையே அதிகாரம் எங்கே பிரிகிறது என்ற கேள்வியை வகுப்பறையில் விளக்குவதே தொழிலாகக் கொண்டிருந்தவர் நம் பேராசிரியர். அந்தக் கேள்வி பின்னாளில் தம்மையே தேடி வரும் என்று அவர் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

காசியிலிருந்து தில்லிக்கு வந்த அவர் அங்குக் கல்லூரி முதல்வராகப் பணியாற்றினார். புகழ்பெற்ற ஸ்ரீராம் வணிகவியல் கல்லூரியும் அவர் தலைமை வகித்த நிறுவனங்களில் ஒன்று. விடுதலைக்குப் பின் அரசியலுக்குள் வந்தார். 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் தில்லிக்கு 48 உறுப்பினர்கள் கொண்ட சட்டப்பேரவை கிடைத்தது. தரியாகஞ்ச் தொகுதியிலிருந்து காங்கிரஸ் சார்பில் வென்ற பேராசிரியர் அதன் பேரவைத் தலைவரானார்.

அன்றைய தில்லி 'சி' பிரிவு மாநிலம். இந்தச் சொல் இன்று மறந்துபோய்விட்டது. 1950-இல் நம் மாநிலங்கள் ஏ, பி, சி என்று தரம் பிரிக்கப்பட்டிருந்தன. பழைய மாகாணங்கள் முதல் தரம், அங்கே ஆளுநர். பழைய மன்னராட்சிப் பகுதிகள் இரண்டாம் தரம். அங்கே பெரும்பாலும் ஒரு முன்னாள் மன்னரே 'ராஜப்பிரமுகர்'. திருவிதாங்கூர்-கொச்சிக்குச் சித்திரைத் திருநாளும், ராஜஸ்தானுக்கு ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் மான்சிங்கும் அப்படி இருந்தவர்கள். தில்லி போன்ற சிறு பகுதிகள் மூன்றாம் தரம். அங்கே மத்திய அரசு அனுப்பும் தலைமை ஆணையர். தில்லிச் சட்டப்பேரவைக்குக் காவல்துறையிலும் சட்டம் ஒழுங்கிலும் அதிகாரம் இல்லை. முதல் முதல்வரான சௌத்ரி பிரம்ம பிரகாஷ், தலைமை ஆணையருடன் ஓயாமல் உரசிக்கொண்டிருந்தார். 1955 பிப்ரவரியில் அவர் பதவி விலக நேர்ந்தபோது, அந்த இடத்துக்கு வந்தவர் குர்முக் நிகால் சிங்.

மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவைக்கு மேலே, மக்கள் தேர்ந்தெடுக்காத ஓர் அதிகாரி. இந்த ஏற்பாட்டின் கீழ்ப்படியில் நின்று பேராசிரியர் ஒன்றே முக்கால் ஆண்டு ஆட்சி நடத்தினார். அதற்குள் மாநில மறுசீரமைப்புச் சட்டம் வந்தது. நாட்டின் தலைநகருக்குத் தனிச் சட்டப்பேரவை வேண்டாம் என்று முடிவாயிற்று. பேரவை கலைந்தது, முதல்வர் பதவியே ஒழிந்தது. தில்லிக்கு மறுபடி ஒரு முதல்வர் வர 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு மாநிலத்தை இல்லாமல் ஆக்கிய அதே நாளில், அதன் முதல்வரை இன்னொரு மாநிலத்தின் தலைவராக அந்த மறுசீரமைப்பு அனுப்பிவைத்தது. அக்டோபர் 31 வரை நியமிக்கப்பட்டவருக்குக் கீழே இருந்த தேர்ந்தெடுக்கப்பட்டவர், நவம்பர் 1 முதல் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மேலே இருக்கும் நியமிக்கப்பட்டவர். பாடநூல் எழுதியவருக்கு இதைவிடக் கூர்மையான செய்முறைப் பயிற்சி வேறென்ன இருக்க முடியும்?

மலையடிவார மக்களுக்கு அதே நாள் வேறொரு பாடத்தைச் சொல்லிற்று. ஒடிசா ஆளுநராக இருந்த பசல் அலியின் தலைமையில், குன்சுருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர்களாக இருந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955-இல் அறிக்கை அளித்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய வட்டங்கள் தமிழர் பக்கம் சேர வேண்டும் என்றது. தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை என்பதை அறிந்திருந்தும், தேவிகுளமும் பீருமேடும் மலையாள மாநிலத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு சொன்னது. தோட்டத் தொழிலாளர்கள் பிழைப்புக்காக வந்துபோகிறவர்கள், மலையின் நீரும் வனமும் அந்த மாநிலத்துக்கு இன்றியமையாதவை என்பன அதன் வாதங்கள். காமராஜர் அப்போது சொன்னதாக ஒரு சொல்லை இன்றும் மேடைகளில் எடுத்து வைத்து வழக்காடுகிறார்கள். அந்த வழக்கு இங்கு வேண்டாம். மாநிலத்தின் பரப்பையும் எல்லையையும் பெயரையும் மாற்ற நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டம் ஒன்றே போதும் என்று அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவு தில்லிப் பேராசிரியரையும் தேவிகுளம் தொழிலாளரையும் ஒரே நாளில் தொட்டது.

அரசியல் அறிவியல் கற்பித்தவர் ஆளுநராகும் செய்தி உலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகவும் தலைவராகவும் இருந்த உட்ரோ வில்சன், 1911-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஆளுநரானார். நாடாளுமன்ற ஆட்சிமுறை பற்றியும் நிர்வாகவியல் பற்றியும் அவர் எழுதியவை இன்றும் படிக்கப்படுகின்றன. பேராசிரியர்தானே, சொன்னபடி கேட்பார் என்று எண்ணித்தான் அந்த மாநிலத்தின் கட்சிப் பெருந்தலைகள் அவரை வேட்பாளராக்கினார்கள். பதவிக்கு வந்த முதல் ஆண்டிலேயே அவர்களை ஒதுக்கிவைத்து, வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை, தொழிலாளர் இழப்பீடு, பொதுப் பயன்பாட்டு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் ஆணையம் என்று வரிசையாகச் சட்டங்களை நிறைவேற்றினார். இரண்டே ஆண்டுகளில் வெள்ளை மாளிகைக்குச் சென்றார்.

வில்சனுக்கு அந்தத் துணிவைத் தந்தது அவருடைய படிப்பு மட்டும் என்று சொல்ல முடியாது. நியூ ஜெர்சி வாக்காளர்கள் அவருக்கு நேரடியாக வாக்களித்திருந்தார்கள். கட்சித் தலைவர்கள் அவரை நீக்க முடியாது. வாஷிங்டனும் நீக்க முடியாது. இங்கே ஆளுநர் என்ற அதே பெயரில் இருப்பது முற்றிலும் வேறான ஒரு பதவி.

அது வேறாக ஆனதும் ஒரு வாதத்தின் முடிவில்தான். அரசியலமைப்பு வரைவில் ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது சட்டமன்றம் தேர்ந்து தரும் நால்வரில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்று இரு வழிகள் இருந்தன. 1949 மே மாத இறுதியில் அரசியல் நிர்ணய சபை இரண்டையும் கைவிட்டு, நேரடி நியமனத்தை ஏற்றது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வரும் ஆளுநரும் எதிரெதிரே நின்றால் ஆட்சி முடங்கும் என்பது காரணம். மத்தியில் ஒரு கட்சியும் மாநிலத்தில் வேறு கட்சியும் இருந்தால் நியமன ஆளுநர் தில்லியின் முகவராகிவிடுவார் என்று சில உறுப்பினர்கள் எச்சரித்தார்கள். ஆளுநருக்கென்று தனி அதிகாரம் ஏதுமில்லை, ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்ற பொருளில் அம்பேத்கர் விளக்கினார். நேருவின் பேச்சு நம் பொருளுக்கு நெருக்கமானது. உள்ளூர் அரசியலில் தோய்ந்தவரைவிட வெளியிலிருந்து வருபவர் மேல்; அரசியலில் அதிகம் ஈடுபடாத கல்வியாளர்களும் பிற துறைகளில் சிறந்தவர்களும் இப்பதவிக்கு வருவது நல்லது என்று அவர் வாதிட்டார்.

ஏழு ஆண்டுகள் கழித்து ஜெய்ப்பூருக்கு அனுப்பப்பட்டவர் அந்தச் சித்திரத்துக்கு ஏறக்குறையப் பொருந்தினார். கல்வியாளர், நூலாசிரியர், ராஜஸ்தானின் அரசியலில் எந்தக் கட்சிக்குழுவையும் சாராதவர். பொருந்தாத இடம் ஒன்றுதான். அவர் முந்தைய நாள் வரை ஒரு காங்கிரஸ் முதல்வர்.

ஜெய்ப்பூரில் அவர் இருந்தது ஐந்தரை ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. மன்னர்களின் நிலமாக இருந்த பகுதிகளோடு அஜ்மீரும் ஆபுவும் இணைந்து இன்றைய ராஜஸ்தான் உருவெடுத்த காலம். முதல்வராக மோகன்லால் சுகாடியா இருந்தார். 1959 அக்டோபர் 2 அன்று நாகௌரில் நேரு பஞ்சாயத்து ராஜ் அமைப்பைத் தொடங்கிவைத்தது அந்த ஆண்டுகளின் பெரிய நிகழ்ச்சி. ஆளுநரைப் பற்றி நாடு பேசிய நிகழ்ச்சி என்று ஒன்றும் இல்லை. இதை அவருக்குப் புகழாகவே நான் கொள்கிறேன். நாளிதழின் தலைப்பில் ஆளுநரின் பெயர் வராத நாள்களே அந்தப் பதவி ஒழுங்காக நடக்கும் நாள்கள்.

எனினும் அந்தப் புகழுக்கு ஒரு வரம்பு உண்டு. 1957 தேர்தலில் ராஜஸ்தானில் காங்கிரஸ் 176 இடங்களில் 119-ஐ வென்றது. அப்படிப்பட்ட பேரவையில் ஆளுநர் செய்ய வேண்டியது கையொப்பமிடுவது மட்டுமே. சோதனை என்று சொல்லத்தக்கது பதவிக்காலத்தின் முடிவில் வந்தது. 1962 தேர்தலில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 88 இடங்கள். 176-இல் சரிபாதி, பெரும்பான்மைக்கு ஒன்று குறைவு. எதிரே சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சுயேச்சைகளும் சிதறிக் கிடந்தார்கள். மாற்று ஆட்சிக்கு உரிமை கோரத் திரண்ட அணி ஏதுமில்லை. சுகாடியா மீண்டும் முதல்வரானார். அடுத்த மாதம் பேராசிரியர் ஓய்வு பெற்றார்.

அவருக்குப் பின் அதே நாற்காலிக்கு வந்தவர் சம்பூர்ணானந்தர். இவரும் காசிக்காரர், ஆசிரியர், பல நூல்கள் எழுதிய அறிஞர், உத்தரப் பிரதேசத்தின் முன்னாள் முதல்வர். 1967 தேர்தலில் ராஜஸ்தான் பேரவையின் 184 இடங்களில் காங்கிரசுக்கு 89 கிடைத்தன. ஏறத்தாழ அதே கணக்கு. ஆனால் இம்முறை சுதந்திராக் கட்சி, ஜனசங்கம் முதலிய எதிர்க்கட்சிகளும் சுயேச்சைகளும் ஒரே அணியாகத் திரண்டு, எங்களுக்கே பெரும்பான்மை என்று ஆளுநரிடம் வந்து நின்றார்கள். சுயேச்சைகளைக் கணக்கில் கொள்ள முடியாது, தனிப்பெருங் கட்சியையே அழைப்பேன் என்று சம்பூர்ணானந்தர் முடிவெடுத்தார். ஜெய்ப்பூர் கொந்தளித்தது. ஊரடங்கு, துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி. சுகாடியா ஆட்சியமைக்க இயலாமல் பின்வாங்கினார். மார்ச் 13 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஆறு வாரங்களில், எதிரணியிலிருந்து சிலர் கட்சி மாறி வந்து சேர்ந்த பிறகு, சுகாடியாவே மறுபடி முதல்வரானார்.

ஒரே நாற்காலியில் அடுத்தடுத்துக் காசியிலிருந்து வந்த இரு அறிஞர்கள். பேரவைக் கணக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஒருவர் அமைதியாக விடைபெற்றார். மற்றவர் பெயர் ஆளுநர் அதிகாரம் பற்றிய ஒவ்வொரு நூலிலும் கண்டனத்தோடு இடம்பெறுகிறது. முன்னவர் இடத்தில் பின்னவரோ, பின்னவர் இடத்தில் முன்னவரோ இருந்திருந்தால் வேறு விதமாக நடந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல என்னால் இயலவில்லை. இரண்டு பொழுதிலும் தில்லியில் ஒரே கட்சி ஆண்டது. முதல் முறை அந்தக் கட்சிக்குப் போட்டி இல்லை. இரண்டாம் முறை போட்டி இருந்தது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. 1952-இல் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரஸ் 152 மட்டுமே பெற்றபோது, தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதல்வராக்க வழிவகுத்தவர் ஆளுநர் ஸ்ரீபிரகாசா. அவரும் காசியைச் சேர்ந்தவர்; கேம்பிரிட்ஜில் படித்தவர்.

ஏலமலைக்காரர்கள் இதை இன்னும் நெருக்கத்தில் கண்டார்கள். 1957-இல் தேவிகுளத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றது செல்லாதென அறிவிக்கப்பட்டு, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலைமலையாக ஏறிப் பாட்டுப் பாடி வாக்குக் கேட்ட தேர்தல் அது. அவரோடு சென்ற தம்பிதான் பின்னாளில் இளையராஜாவாக உலகறிய வந்தவர். ரோசம்மா மறுபடி வென்றார். அடுத்த ஆண்டு ஜூலை 31 அன்று, ஆளுநர் பி. இராமகிருஷ்ணராவின் அறிக்கையைத் தொடர்ந்து, இ.எம்.எஸ். அமைச்சரவை நீக்கப்பட்டுப் பேரவையும் கலைக்கப்பட்டது. மலைத்தோட்டத் தொழிலாளர்கள் மூன்றே ஆண்டுகளில் மூன்றாம் முறையாக 1960 பிப்ரவரியில் வாக்களிக்க வேண்டியதாயிற்று. இராமகிருஷ்ணராவும் பன்மொழிப் புலவர் என்று பெயர் பெற்றவர் என்பது இங்கே நினைக்கத்தக்கது.

அந்தத் தேர்தலுக்குப் பின் கேரள முதல்வரான பட்டம் தாணுப்பிள்ளை, 1962-இல் பஞ்சாப் ஆளுநராக அனுப்பப்பட்டார். கூட்டணியில் தலைவலியாக இருந்தவரை மாநிலத்தை விட்டு அப்புறப்படுத்தவே அந்த நியமனம் என்று அன்றே பேசப்பட்டது. நெடுங்கண்டத்துக்கு அருகே அவர் பெயரால் வழங்கும் குடியேற்றத்தைத் தாண்டிச் செல்லும் போடிக்காரர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பின்கதை தெரியுமோ! ஆளுநர் பதவி அறிஞர்களுக்குச் சிறப்பிடமாக இருந்ததைவிட, அரசியல்வாதிகளை ஒதுக்கிவைக்கும் இடமாகப் பயன்பட்டதே மிகுதி. அரியலூரில் பிறந்து, பேராசிரியராகவும் ரிசர்வ் வங்கியின் தலைவராகவும் இருந்து, ஆந்திரத்தின் ஆளுநரான சி. ரங்கராஜன் போன்றவர்கள் விதிவிலக்குகள்.

இதற்கு வேர் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 157-ஆம் பிரிவு ஆளுநருக்குக் கேட்கும் தகுதிகள் இரண்டே: இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 156-ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் விரும்பும் வரை அவர் பதவியில் இருக்கலாம் என்கிறது. குடியரசுத் தலைவரின் விருப்பம் என்றால் நடைமுறையில் மத்திய அமைச்சரவையின் விருப்பம். காரணமின்றி நீக்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2010-இல் சொன்னது. ஆனால் விருப்பத்தின் கயிறு தில்லியிடமே இருக்கிறது. கயிற்றில் கட்டுண்டவர் அரசியல் அறிவியலில் முனைவரானாலும் கயிற்றின் நீளம் கூடாது.

இன்று இது ஏட்டுச் செய்தி அன்று. பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வரைவுகளை ஆளுநர் காலவரையின்றி நிறுத்திவைக்கிறார் என்று 2023-இல் தமிழ்நாடும் கேரளமும் தனித்தனியே உச்சநீதிமன்றத்தை நாடின. போடிமெட்டின் இரு புறத்தாருக்கும் அந்த ஆண்டு ஒரே குறை. 2025 ஏப்ரல் 8 அன்று இரு நீதிபதிகள் அமர்வு, தமிழ்நாட்டின் பத்து முன்வரைவுகளுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்து, ஆளுநருக்குக் காலவரம்பும் விதித்தது. குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்தின்மீது அவ்வாண்டு நவம்பரில் கருத்துரைத்த ஐவர் அமர்வோ, நீதிமன்றம் காலவரம்பு விதிக்க இயலாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் இயலாது என்றது.

அந்தப் பத்தில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. போடி ஏலத்தோட்ட விவசாயிகள் சங்கக் கல்லூரியில் படித்து வெளிவரும் பெண், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பட்டம் பெறுகிறாள். அதன் வேந்தர் ஆளுநர். துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற இழுபறியில் தமிழ்நாட்டின் பல பல்கலைக்கழகங்கள் அண்மை ஆண்டுகளில் துணைவேந்தர் இன்றி, ஒருங்கிணைப்புக் குழுக்களின் பொறுப்பில் நடந்தன. காய் எடுத்துச் சேர்த்த கூலியில் மகளைப் படிக்கவைக்கும் தாய்க்கு, ஆளுநர் என்ற பதவி இந்த வடிவில்தான் வீட்டுக்குள் வந்து சேர்கிறது.

குர்முக் நிகால் சிங் 1969-இல் மறைந்தார். அவர் மகன் சுரேந்திர நிகால் சிங் இதழாளரானார். நெருக்கடி நிலைக் காலத்தில் 'ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழின் ஆசிரியராகத் தணிக்கைக்கு வளையாமல் நின்றதற்காக, 1978-இல் உலக அளவில் ஆண்டின் சிறந்த ஆசிரியர் என்ற விருது பெற்றார். தந்தை வகித்த பதவியில் அப்படி நிற்க இடம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

மாற்று வழிகள் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியவை அல்ல. தமிழ்நாடு அரசு அமைத்த ராஜமன்னார் குழு 1971-லேயே ஆளுநர் நியமனத்தில் மாநில அரசைக் கலந்தாக வேண்டும் என்றது. 1988-இல் சர்க்காரியா ஆணையம், அண்மைக்கால அரசியலில் ஈடுபட்டிராத, வேறு மாநிலத்தைச் சேர்ந்த சிறந்தவரை முதல்வரோடு கலந்து நியமிக்கச் சொன்னது. இந்த அளவுகோலில் நம் பேராசிரியரே தேறியிருக்க மாட்டார். 2010-இல் பூஞ்சி ஆணையம் இன்னும் ஓரடி முன்னே சென்றது. ஆளுநருக்கு ஐந்தாண்டு உறுதியான பதவிக்காலம் வேண்டும். நீக்குவதாயின் பேரவையே கண்டனத் தீர்மானத்தால் நீக்க வேண்டும். பல்கலைக்கழக வேந்தர் போன்ற, அரசியலமைப்பு தராத பொறுப்புகளை அவர்மீது சுமத்தக் கூடாது என்றது. அறிக்கை அளிக்கப்பட்டு ஆண்டுகள் பல கடந்தும், 156-ஆம் பிரிவில் ஒரு சொல்லும் மாறவில்லை.